வெயிலம்மா கையெழுத்து

எனக்கு வயசு அறுபத்தி மூணு. எனக்கு வாச்ச குருவுக்கு முப்பத்தி நாலு. இதைச் சொன்னா எங்க தெருவுல சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்.

பேரு செலின். அருப்புக்கோட்டையில ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில உக்காந்துக்கிட்டு, எங்களை மாதிரி சின்னச் சின்னச் சங்கங்களுக்கு, நிதி கேட்டு எப்படி எழுதுறதுன்னு சொல்லிக் குடுக்கிறாங்க. வயசுல என் மகளை விடச் சின்னவங்கதான். ஆனா அவங்களை வா, போன்னு கூப்பிட எனக்கு வாய் வராது. டீச்சர்னுதான் வரும்.

எங்க சங்கத்துக்கு ரிஜிஸ்டர்ல நீளமா ஒரு பேரு இருக்கு. ஊருக்குள்ள கட்டில் சங்கம்னாதான் தெரியும். அது எப்படி வந்துச்சுன்னா, எங்க வீட்டுக்காரர் இடுப்பு ஒடிஞ்சு கிடந்தப்ப ஆஸ்பத்திரிக் கட்டில் ஒண்ணு வாங்குனோம். கால்மாட்டுல கைப்பிடியைச் சுத்துனா தலைமாடு மேல எந்திரிக்கும். அவரு போய்ச் சேந்ததும், செத்தவரு படுத்த கட்டில் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாதுன்னு நாத்தனார் அதை வெளிய இழுத்துப் போட்டா. ஒரு மாசம் வேப்பமரத்தடியில கிடந்துச்சு. பக்கத்து வீட்டு ஆடு அதுல ஏறிக் குட்டியே போட்டுருச்சு. அப்புறம் ஒரு வீட்டுல பக்கவாதம்னு கேட்டாங்க. கழுவி, மஞ்சத்தண்ணி தெளிச்சு, பெயிண்ட் அடிச்சுக் குடுத்தேன். அவங்க வீட்டுலயும் காரியம் ஆச்சு. கட்டில் திரும்பி வந்துச்சு. கூடவே அவங்க வாங்குன வாக்கரும் வந்துச்சு. பெறகு ஊர்ல எங்க இழவு விழுந்தாலும் சாமான் எங்க வாசலுக்கு வந்துரும். இப்படித்தான் பத்துப் பொம்பளைக சேந்து சங்கம் ஆனோம்.

கட்டில் கேட்டு வர்றவங்க மொதல்ல ஒண்ணு கேப்பாங்க. "இதுல யாரும் செத்திருக்காங்களா?" ஒரு தடவை வாய் சும்மா இருக்காம, "படுத்தவங்க எல்லாரும்தான்"னு சொல்லிட்டேன். வந்தவங்க கட்டிலே வேணாம்னு போயிட்டாங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

எங்ககிட்ட இருந்தது ஏழு கட்டில். ஏழும் வெளிய போயிருச்சு. இன்னும் பதினோரு வீடு காத்துக் கிடந்துச்சு. அதுல ஒரு பொண்ணுக்கு இருபத்தாறு வயசு. தரையில படுத்தே முதுகெல்லாம் புண்ணு. சென்னையில ஒரு அறக்கட்டளை, கட்டிலும் தண்ணி மெத்தையும் வாங்கச் சின்னச் சங்கங்களுக்கு நிதி தருதுன்னு கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். ரெண்டு தடவை இல்லைன்னுட்டாங்க.

மொத தடவை எழுதுனதைச் சொன்னா மானம் போகும். பிள்ளையார் சுழி போட்டு, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, 'பேரன்புடையீர்'னு ஆரம்பிச்சேன். எனக்குத் தெரிஞ்ச கௌரவமான எழுத்து கல்யாணப் பத்திரிகைதான். செலின் டீச்சர் அதைப் பாத்துச் சிரிக்கல. "அவங்களை விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்கும்மா. உங்களுக்கு என்ன வேணும்னு இதுல இல்லையே"ன்னாங்க. ரெண்டாவது தடவை டீச்சர் சொன்னபடி எழுதுனேன். உங்க சங்கத்தால யாருக்கு என்ன ஆச்சுன்னு தெரியலைன்னு பதில் வந்துச்சு.

மூணாவது தடவைக்கு அவங்களே படிவத்துல கேட்டிருந்தாங்க. உதவி வாங்குன ஒருத்தரைப் பத்தி ஒரு பக்கம். கூட ஒரு போட்டோ.

டீச்சர்கிட்ட கேட்டேன். "எப்படி எழுதுனா குடுப்பாங்க டீச்சர்?"

"எழுதிக்கிட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்."

வீட்டுல மருமககிட்ட கேட்டேன். "படிக்கிறவன் அழணும் அத்தை"ன்னா. அது எனக்குப் பிடிச்சுப்போச்சு.

நேரா வெயிலம்மா வீட்டுக்குப் போனேன். முழுப் பேரு வெயிலுகந்தம்மா. நானும் அவளும் ஒரே நூல் மில்லுல ஒண்ணா நின்னவளுக. மில்லை விட்டு நின்ன பெறகு சாயப்பட்டறை வேலைக்குப் போனா. அங்க வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு, மூணு வருசமா எங்க கட்டில்லதான் இருக்கா. போட்டோ எடுக்க வர்றேன்னு முந்தின நாளே சொல்லி விட்டுருந்தேன்.

போய்ப் பாத்தா, அரக்குப் பட்டு. தலையில கனகாம்பரம். மூஞ்சி நெறயா பவுடர். கட்டில்ல புது விரிப்பு. தலைமாட்டைத் தூக்கி வச்சு நிமிந்து உக்காந்திருக்கா. கொசுவம் வைக்க அடுத்த வீட்டுப் பொண்ணு வந்து போச்சாம்.

"வா கனகு. பொட்டு நடுவுல இருக்கா?"

அவ மகன் மாரிக்கனி, "இருங்கத்தை, குடிக்கக் கலர் வாங்கிட்டு வர்றேன்"னு கடைக்கு ஓடுனான்.

நான் சொன்னேன். "ஏ வெயிலு, இது சரிவராது. பழைய நைட்டி இருக்கா?"

"எதுக்கு?"

"இப்படி மினுக்கிக்கிட்டு உக்காந்திருந்தா யாரு குடுப்பா?"

குனிஞ்சு தன் சேலையைப் பாத்தா. பெறகு, "கொடியில கிடக்கு"ன்னா.

நானேதான் அவுத்தேன். இடுப்பு ஒடிஞ்சவளுக்குச் சேலை அவுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. அந்தப் பக்கம் ஒருக்களிச்சு, இந்தப் பக்கம் ஒருக்களிச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டா. பூவை எடுத்தேன். பவுடரைத் துடைச்சேன். விரிப்பை உருவுனேன். கைப்பிடியைச் சுத்தித் தலைமாட்டைக் கீழ இறக்குனேன்.

"மூஞ்சியைக் கொஞ்சம் வாட்டமா வச்சுக்க."

"வாட்டமாத்தான் இருக்கு. எடு."

எடுத்தேன்.

மாரிக்கனி பாட்டிலோட வந்தான். அம்மாவைப் பாத்தான். நாற்காலி மேல மடிக்காமக் கிடந்த பட்டைப் பாத்தான். மூடியைத் தொறந்து என் கையில குடுத்தான்.

"குடிங்கத்தை."

குடிச்சேன். அதையும் சொல்லணும்ல. முழுசாக் குடிச்சேன்.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சுல எழுதுனேன். 'பெற்ற பிள்ளையும் கைவிட்ட நிலையில், ஈ மொய்க்க, ஒரு வாய்ச் சோற்றுக்கு ஏங்கிக் கிடக்கும் ஏழை மூதாட்டி'ன்னு ஆரம்பிச்சு ஒரு பக்கம். திரும்பிப் படிச்சப்ப எனக்கே அழுகை வந்துருச்சு. மருமகளும் மூக்கை உறிஞ்சுனா. சாகுபடி நல்லா வந்தவன் மாதிரி நடந்து போனேன் டீச்சர்கிட்ட.

டீச்சர் ரெண்டு தடவை படிச்சாங்க. போட்டோவைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க.

"எப்ப அனுப்பணும்?"

"நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

"இவங்ககிட்ட இதை வாசிச்சுக் காட்டி, கீழ கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"படிவத்துல அப்படி ஒண்ணும் கேக்கலியே டீச்சர்?"

"அவங்க கேக்கல. நான் கேக்குறேன்."

"அவளுக்குப் பேரு எழுத மட்டும்தான் தெரியும். வாசிக்க வராது."

"அதனாலதான் நீங்க வாசிக்கணும்."

மறுநாள் காலையில போனேன். மாரிக்கனி ஓட்டுற லோடு ஆட்டோ வாசல்ல நின்னுச்சு. அவன் அப்பத்தான் அம்மாவைக் குளிப்பாட்டி முடிச்சுத் தலை துவட்டிக்கிட்டிருந்தான்.

"உன்னைப் பத்தி எழுதுனதை வாசிச்சுக் காட்டச் சொன்னாங்க வெயிலு."

"வாசி, வாசி. தலைமாட்டைத் தூக்குடா."

தூக்குனான். நான் ஸ்டூல்ல உக்காந்து தாளை விரிச்சேன். பின்னால போட்டோ பின் அடிச்சிருந்துச்சு. அது தெரியாம மடக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

மொத வரி, 'பெற்ற பிள்ளையும் கைவிட்ட'. அந்தப் பிள்ளை ஈரத் துண்டைப் பிழிஞ்சுக்கிட்டு என் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிது.

"என்னத்தை, எழுத்து புரியலையா? குடுங்க, நான் வாசிக்கிறேன்."

"என் கோழிக்கிறுக்கல் உனக்குப் புரியாதுப்பா."

வாயைத் தொறந்தேன். தாள்ல இல்லாததா வந்துச்சு.

"வெயிலுகந்தம்மா முப்பத்தி ரெண்டு வருசம் நூல் மில்லுல வேலை பாத்தவங்க."

"முப்பத்தி நாலு."

"முப்பத்தி நாலு வருசம்."

"தாள்ல ரெண்டுன்னு எழுதியிருக்கே அத்தை?"

"திருத்திக்கிறேன்பா." தாள்ல கண்ணை வச்சுக்கிட்டே மேல போனேன். "கட்டிலோட தலைமாட்டைத் தூக்குனா அவங்களுக்கு ஜன்னல் வழியாத் தெருக்குழாய் தெரியும். தண்ணி வர்ற நேரம், இன்னைக்கு யாரு முறைன்னு அங்க இருந்தே சொல்லுவாங்க. தெருவே கேக்கும். அதுக்குப் பெறகு எங்க குழாயடியில சண்டை நடந்ததில்லை."

"ரெண்டு நடந்துச்சு. ஒண்ணு நீ போட்டது."

மாரிக்கனி சிரிச்சுட்டான்.

"தினமும் அவங்க மகன் அவங்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு குடுத்துட்டுத்தான் வண்டியை எடுப்பாரு. ஒரு நாள் கூட அவங்க முதுகுல புண்ணு வந்ததில்லை."

அவன் சிரிப்பு நின்னுச்சு. கொடியில போட்ட துண்டை எடுத்து உதறி, மறுபடியும் அதே எடத்துல போட்டான். எங்க பக்கம் திரும்பல.

"அம்புட்டுத்தான்"னேன்.

வெயிலம்மா கேட்டா. "இம்புட்டும் எழுதியிருக்கியா?"

"ம்."

"அந்தத் தாள்லயா?"

"ம்."

"பெறகு எதுக்கு கனகு என் சேலையை அவுத்த?"

நான் பையில பேனாவைத் தேடுனேன்.

"சரி, குடு."

மடக்குன மடிப்போட நீட்டுனேன். பேனாவை மூணு விரல்ல இறுக்கிப் பிடிச்சு, பெரிசு பெரிசா எழுதுனா. 'வெ' மட்டுமே பாதி எடத்தை அடைச்சுக்கிச்சு. கடைசி எழுத்து தாளுக்கு வெளிய போகப் பாத்துச்சு, இழுத்துப் பிடிச்சு முடிச்சா.

ஜெராக்ஸ் கடை மாடி ஏறும்போது மணி பன்னெண்டு.

"வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன் டீச்சர்."

"மகன் இருந்தாரா?"

"இருந்தான்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லல."

டீச்சர் தாளுக்குக் கையை நீட்டுனாங்க. நான் உக்காரவும் இல்லை, போகவும் இல்லை.

"டீச்சர், நான் வேற வாசிச்சேன்."

நானாச் சொன்னேன். பட்டுச் சேலையில இருந்து, கலர் குடிச்சதுல இருந்து, துண்டை உதறிப் போட்டது வரைக்கும். சேலை பத்தி அவ கேட்டதை மட்டும் ரெண்டு தடவை சொன்னேன். ஏன் ரெண்டு தடவைன்னு தெரியல.

டீச்சர் தாளை வாங்கி மடிப்பை நீவி விட்டு, கீழ வரைக்கும் பாத்தாங்க. எங்கிட்டயே திருப்பி நீட்டுனாங்க.

"இதுல கையெழுத்து இல்லையேம்மா."

"இருக்கே டீச்சர். இந்தா, இம்புட்டுப் பெரிசா. என் கண்ணு முன்னாலதான் போட்டா."

"அது நீங்க வாயால வாசிச்சதுக்குப் போட்டது. அதை எழுதுன தாளு எங்க?"