தீ மூட்டிய பின் வந்த எட்டு மணி

எனக்குத் தீங்கு செய்தவன் என் அண்ணன் மருமகன் தவசிமுத்து. பெயரைச் சொல்லிவிட்டேன். கதையைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஐப்பசியில், வெள்ளிக்கிழமை, என் அண்ணன் வேலாண்டி இறந்தார். அவருக்கு ஒரே மகன் இசக்கிராஜ். அமெரிக்காவில் வேலை. அவனுடைய பாஸ்போர்ட் விசா அலுவலகத்தில் கிடந்ததால் அவனால் வர முடியவில்லை. சனிக்கிழமை போனில் அழுதான்.

"சித்தப்பா, கொள்ளி நீங்க வைங்க. ஆனா நான் அப்பா முகத்தைப் பார்க்காம வைக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"வைக்க மாட்டேன்டா" என்றேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, இங்க காலையில எட்டு மணிக்கு வீடியோவுல வாரேன். இன்னைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் கூடுதலா தூங்கலாம்னு இங்க எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. எனக்குத் தூக்கம் ஏது சித்தப்பா, ரெண்டு நாளாச்சு."

தவசிமுத்து பக்கத்தில்தான் நின்றான். பெங்களூரில் கம்பெனி வேலை. "நான் தினமும் அமெரிக்காக்காரன்கூட மீட்டிங் பேசுறவன், மாமா. ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டுங்க. நமக்குச் சாயந்திரம் அஞ்சரை. பொழுது அடையுறதுக்குள்ள முடிச்சிரலாம்" என்றான்.

எங்கள் ஊரில் பொழுது அடைந்த பிறகு சிதைக்குத் தீ வைக்கக் கூடாது. அந்த முறையை இதுவரை யாரும் மீறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியமே மின்சாரம் போய்விட்டது. ஐஸ் பெட்டி நின்றது. வாடை வரத் தொடங்கியதும் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். ஐந்தரைக்குச் சுடுகாட்டில் அண்ணனைச் சிதையில் கிடத்தி, முகத்தை மட்டும் மூடாமல் காத்திருந்தோம். வீடியோ வரவில்லை. தவசிமுத்து கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை. மேற்கே மலை கறுத்தது.

"இன்னும் என்ன வே பார்க்கீரு? இன்னொரு ராத்திரி உடம்பு தாங்காது" என்றார் ஊர்த்தலைவர்.

சூரியன் மலை விளிம்பைத் தொட்டது. முகத்தை மூடச் சொன்னேன். தீ வைத்தேன்.

நன்றாக இருட்டிய பிறகு தவசிமுத்துவின் சட்டைப் பையில் போன் அடித்தது. திரையில் இசக்கிராஜ் குளித்து, ஈரத் தலையோடு நின்றான். "அப்பாவைக் காட்டுங்க, சித்தப்பா."

போனை வாங்கி, எரியும் சிதைப் பக்கம் திருப்பினேன். வேறு எதைக் காட்டுவது?

"எட்டு மணிதானே ஆகுது, சித்தப்பா" என்றான். அதன்பிறகு என்னோடு அவன் பேசவில்லை.

சொன்ன மணிக்குத்தான் வந்தேன் என்கிறான் மகன். சொன்ன மணிக்குத்தான் காத்திருந்தோம் என்கிறோம் நாங்கள். இருவர் பேச்சிலும் பொய் இல்லை. அது எப்படி? வந்தவன், கணக்குச் சொன்னவன், வாக்குக் கொடுத்துவிட்டுத் தீ வைத்தவன், இந்த மூவரில் குற்றவாளி யார்?

விடை: அமெரிக்காவில் குளிர்காலத்துக்கு முன் ஒரு ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். கூடுதல் தூக்கம் என்றது அதைத்தான். சனிக்கிழமை வரை ஒன்பதரையாக இருந்த வித்தியாசம் ஞாயிற்றுக்கிழமை பத்தரையாகிவிட்டது. அவனுடைய எட்டு, நமக்கு ஆறரை. நம் ஐந்தரைக்கு அங்கே காலை ஏழுதான்; அவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன்மேல் பிழையில்லை. சூரியன் எனக்காக நிற்காது, என்மேலும் பிழையில்லை. கணக்குத் தவறியதைக்கூட நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பதினாறாம் நாள் பந்தியில் இதையெல்லாம் எனக்கு விளக்கியவனே தவசிமுத்துதான். "மச்சான்கிட்ட இதைச் சொல்லுப்பா" என்றேன். "சொன்னா என்மேல கோபப்படுவார். உங்க மேல ஏற்கெனவே கோபம் இருக்கு, அது அப்படியே இருக்கட்டுமே மாமா. நீங்க வயசானவங்க, தாங்கிக்கிடுவீங்க" என்று ரசச் சோற்றைக் குழைத்தான். குற்றம் அதுதான். நான் கூப்பிட்டால் இசக்கிராஜ் எடுப்பதில்லை. தவசிமுத்து கூப்பிட்டால் எடுக்கிறான். வாரம் தவறாமல் பேசுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையை அவன் இன்னும் சொல்லவில்லை.