பூசணிப்பட்டி குத்துச்சண்டைக் கழகத்தின் முதல் போட்டி

பூசணிப்பட்டியில் குத்துச்சண்டைக் கழகம் தோன்றிய வரலாறு கல்வெட்டு எதிலும் இல்லை. பொறிக்க உட்கார்ந்தவர் உளியால் சுத்தியலை அடித்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

கழகத்தில் நான்கே பேர்: ஒச்சப்பன், தவசி, மலையாண்டி, பிச்சைமணி. பயிற்சி செய்யக் காலி உரக்கிடங்கைக் கொடுத்திருந்த கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்.

"மாவட்டப் போட்டியில ஒருத்தனாவது மூணு ரவுண்டும் நின்னு முடிக்கணும். இல்லேன்னா பழையபடி மூட்டையை அடுக்கிடுவேன்."

ஒச்சப்பன் தேர்வானான். நால்வரில் அவனிடம்தான் அரைக்கால்சட்டை இருந்தது.

டவுனிலிருந்து மாஸ்டர் வந்தார். "புதுசா வர்றவனுக்கு முதல் பாடம் தற்காப்பு. என்ன ஆனாலும் ரெண்டு கையையும் முகத்துக்கு முன்னாலேர்ந்து இறக்காதே. குத்துறதை அடுத்த வாரம் சொல்லித் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், காய்ச்சலில் படுத்துவிட்டார்.

ஒச்சப்பன் கையை இறக்கவில்லை. அப்படியே நடந்தான், அப்படியே தூங்கினான். சாப்பாடுதான் சிக்கல். தவசி ஊட்ட முன்வந்தான். மற்ற இருவருக்கும் தவசிமேல் நம்பிக்கையில்லை. ஆகவே வேளைக்கு மூவரும் தனித்தனியாக வந்து ஊட்டினார்கள். வாயில் எப்போதும் சோறு இருந்ததால் ஒச்சப்பனால் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

போட்டியன்று காலை எடை பார்த்தார்கள். அவன் பெயர் கொடுத்திருந்தது அறுபது கிலோப் பிரிவுக்கு. எடை மேடை அறுபத்திரண்டு காட்டியது.

"ரெண்டு கிலோ கூட. சேர்க்க முடியாதுப்பா" என்றார் அதிகாரி.

கிடங்கு போயிற்று என்று நால்வரும் கலங்கினார்கள்.

"ஒத்தைக்கால்ல நில்லுடா, பாதியாக் குறையும்" என்றான் மலையாண்டி.

நின்றான். அறுபத்திரண்டு.

"தூக்கின காலைக் கூடவே வச்சிருக்கான். அப்புறம் எப்படிக் குறையும்?" என்று தவசி கடிந்துகொண்டான்.

பிச்சைமணி கணக்கில் புலி. அதிகாரியிடம் பணிவாகச் சொன்னான்: "சார், நான் நாப்பத்தெட்டு கிலோதான். அறுபது வரைக்கும் இருக்கலாம்னு நீங்களே சொல்றீங்க. மிச்சம் பன்னண்டு கிலோ என்கிட்ட சும்மாதான் கிடக்கு. அதுல ரெண்டை இவனுக்கு எழுதிக் கொடுத்துடறேன்."

அதிகாரி அனுபவஸ்தர். ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். பிறகு, அறுபத்தைந்து கிலோப் பிரிவில் ஜோடியில்லாமல் நின்ற எட்வின் என்ற புதுமுகத்தோடு ஒச்சப்பனைச் சேர்த்துவிட்டார்.

"ஐயையோ, இப்ப மூணு கிலோ குறையுதே!" என்று தவசி அலறினான். மூவரும் ஓடிப்போய் மூன்று கிலோ இட்லி வாங்கிவந்து ஊட்டி முடித்தார்கள்.

மணி அடித்தது. முதல் ரவுண்டு முழுக்க எட்வின் ஒச்சப்பனின் கையுறைகளையே குத்தினான். இரண்டாம் ரவுண்டில் வயிற்றில் குத்தினான்; ஏப்பம் வந்தது. மூன்றாம் ரவுண்டில், "நீயும் குத்துடா!" என்று கூட்டம் கத்தியது.

"அது அடுத்த வாரப் பாடம்ங்க" என்று மலையாண்டி எழுந்து விளக்கினான்.

ஒச்சப்பன் நின்று முடித்தான். பார்க்க வந்திருந்த சங்கத் தலைவர் தலையில் அடித்துக்கொண்டு, "கிடங்கை வச்சுக்கங்கடா" என்றார். நடுவர் எட்வினின் கையைப் பிடித்து உயர்த்தினார்.

"பாவம்டா! கையைத் தூக்கக்கூட அவனுக்குத் தெம்பில்ல. நடுவர் தூக்கி விடறார்" என்றான் தவசி.

"இவ்வளவு பலமாவாடா நம்மாளு அடிச்சிட்டான்?" என்றான் பிச்சைமணி.

மூவரும் மேடையேறி, எட்வினைத் தோளில் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வாசலில் அவன் இரண்டு கைகளையும் வீசி, "விடுங்கடா! எனக்கு ஒண்ணுமில்ல!" என்று கூவினான்.

"கை வந்துடுச்சு!" என்றான் தவசி.

எட்வின் குதித்து ஓடத் தொடங்கினான்.

"காலும் வந்துடுச்சு!" என்றான் பிச்சைமணி.

"அதுக்காக வைத்தியத்தைப் பாதியில நிறுத்தலாமாடா? பிடிங்கடா அவனை!" என்று மலையாண்டி முன்னால் ஓடினான்.