புரிஞ்சுது சார்

"நான் நிறுத்திக்கிடுதேன், வல்லி," என்றார் உலகநாதன். "வேற ஆளைப் பாத்துக்கோ."

போனின் மறுமுனையில் இருந்தவள் செண்பகவல்லி.

முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். வல்லி அவரிடம் படித்தவள். படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதட்டும் என்று, ஆறு வருஷமாக இணையத்தில் சாயங்கால வகுப்பு நடத்திவந்தாள். கணக்குக்கு ஆள் இல்லை என்றதும் தன் பழைய வாத்தியாரைத்தான் கூப்பிட்டாள்.

மைக்கைத் திறப்பதிலிருந்து அவர் அவளிடம் கற்றார். இணைய வகுப்பைப் பொறுத்தவரை இப்போது அவள்தான் வாத்தியார்.

"என்ன ஆச்சு சார்?"

"மாதிரித் தேர்வு வச்சேன்லா. பதினெட்டுப் பேர் எழுதுனாங்க. மூணு பேர் பாஸ்."

"ம்."

"பேச்சியம்மாளுக்கு ஏழு மார்க்கு. நேத்து குரூப்பை விட்டே போயிட்டா. 'எனக்கு இது ஒத்து வராது, மன்னிச்சிருங்க சார்'னு ஒரு வரி. பீடி சுத்திக்கிட்டே ஒரு வகுப்பு விடாமக் கேட்டவ, வல்லி. பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம்தான்."



"வகுப்புல அவங்ககிட்ட என்ன கேப்பீங்க சார்?"

"புரிஞ்சுதான்னு கேப்பேன். ஒவ்வொரு கணக்குக்கும் கேப்பேன்."

"என்ன சொல்லுவாங்க?"

"புரிஞ்சுது சார்ம்பாங்க. பதினெட்டுக் கட்டைவிரல் திரையில வந்து விழும். பேச்சியம்மா விரல்தான் முதல்ல. எல்லாம் பொய். பள்ளிக்கூடத்துலன்னா மூஞ்சியப் பாத்தே பிடிச்சிருவேன். இங்க கறுப்புக் கட்டமும் பேரும்தான் தெரியுது. நான் எதைப் பாத்துக் கண்டுபிடிக்க?"



"சார், நான் உங்க வீட்டுக்கு வரட்டுமா? புது வீட்டுக்கு நான் வந்ததே இல்ல."

"புது வீடா? வந்து இருபது வருஷமாச்சு. வா, லொகேஷன் அனுப்புதேன்."

"அது வேண்டாம். வாயால வழி சொல்லுங்க."

உலகநாதனுக்கு அது பிடித்திருந்தது. கரும்பலகை முன்னால் நிற்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"பஸ்ஸை விட்டு இறங்குனதும் எதிர்த் தெருவுல நேரா வா. மூணாவது முக்குல வலது. தண்ணித் தொட்டி வரும், அதுல இடது. ரெண்டு தெரு தாண்டி மறுபடி வலது. பால்வாடிக்கு அடுத்த சந்து. பச்சை கேட்டு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

பதினோரு மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள்.

அவர் எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்தார். நாற்காலியில் கிடந்த துணிகளை உள்ளே கொண்டுபோய்ப் போட்டார்.

பதினொன்றரை ஆனது. வாசலுக்கு வந்து பார்த்தார்.

பன்னிரண்டு ஆனது. தெருவில் வெயில்தான் நின்றது.

போன் போட்டார்.

"எங்க இருக்க?"

"தெரியல சார்."

"தெரியலையா? அவ்வளவு தெளிவாச் சொன்னேனே!"

"ஆமா சார். தெளிவாத்தான் சொன்னீங்க."

"புரிஞ்சுதுன்னு சொன்னியே?"

"நீங்க சொல்லும்போது புரிஞ்ச மாதிரிதான் சார் இருந்துது. நடக்கும்போதுதான் ஒண்ணும் தெரியல."

"எவ்வளவு நேரமா அலையுத?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"ஒரு போன் போட்டிருக்கலாம்லா, பிள்ள?"

வல்லி தயங்கினாள்.

"போனை எடுத்தேன் சார். இவ்வளவு தெளிவாச் சொன்னவர்கிட்ட மறுபடி எப்படிக் கேக்கன்னு பையில போட்டுட்டேன்."

உலகநாதன் திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

முப்பத்துநாலு வயதுக்காரி. ஊருக்கே பாடம் எடுக்கிறவள். அந்தக் குரலில் எட்டாம் வகுப்பு மூன்றாம் பெஞ்சுப் பிள்ளை இருந்தது.

"சரி, பயப்படாத," என்றார். "முதல்ல நிழல்ல நில்லு. நின்னுட்டியா? இப்போ உன் கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு சொல்லு."

"ஒரு மாவு மில்லு. எதிர்ல பூட்டுன கடை."

"மாவு மில்லா? அங்க எதுக்குப் போன? எங்க திரும்புன?"

"தண்ணித் தொட்டியில சார். இடது பக்கம். நீங்க சொன்னபடிதான்."

"தொட்டியில திரும்புனா மில்லு வராதே. எப்படி இருந்துது தொட்டி?"

"சின்னதா, ரோட்டோரமா, சிமென்ட்டுத் தொட்டி. ரெண்டு ஆடு தண்ணி குடிச்சுக்கிட்டு நின்னுது."

உலகநாதன் மனசுக்குள் அந்தத் தெருவில் நடந்துபார்த்தார். அவர் சொன்னது தூண்கள்மேல் உயரமாக நிற்கும் பெரிய தொட்டி. அதற்கு முந்தின முக்கில் ஆடு மாடுகளுக்கு ஒரு தொட்டி இருந்தது. இருபது வருஷமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறார். அதை ஒரு தொட்டியாக அவர் எண்ணியதே இல்லை.

"வந்த வழியே திரும்பி அந்தத் தொட்டிக்கு வா," என்றார். மெதுவாகச் சொன்னார். "வச்சிராத. நானும் கூடவே வாரேன்."

அவள் நடக்கிற சத்தம் கேட்டது. சைக்கிள் மணி ஒன்று கேட்டது.

"வந்துட்டேன் சார். ஆடு போயிட்டு."

"இப்போ நேராப் போ. அண்ணாந்து பாரு. என்ன தெரியுது?"

"பெரிய தொட்டி."

"அதுதான். இடது பக்கம் திரும்பு. திரும்பிட்டியா? என்ன தெரியுது?"

"நீல வர்ணம் அடிச்ச மாடி வீடு."

"சரியா வார. அடுத்து எங்க திரும்பணும், நீயே சொல்லு பாப்போம்."

"ரெண்டு தெரு தாண்டி வலது."

"நட."

சந்து முனையில் அவள் தலை தெரிந்தபோது உலகநாதன் கேட்டைத் திறந்துகொண்டு செருப்பில்லாமல் தெருவில் நின்றிருந்தார். இருவர் காதிலும் போன் இருந்தது.

வல்லி ஒரே மூச்சில் இரண்டு தம்ளர் சர்பத் குடித்தாள். முகம் சிவந்து கிடந்தது. அவர் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"வேணும்னே தொலைஞ்சியா?" என்று கேட்டார்.

"இல்ல சார். நீங்க சொன்ன வழியை வச்சே உங்களுக்கு உறைக்கிற மாதிரி ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன். வழியிலேயே நிஜமாத் தொலைஞ்சுட்டேன்." அவள் சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "சொல்ல வந்தது இப்போ மறந்தும் போச்சு."

அவர் அவளையே பார்த்தார். பிறகு போனை எடுத்துப் பேச்சியம்மாளைக் கூப்பிட்டார்.

மூன்று முறை மணி அடித்து நின்றது. நான்காவது முறை எடுத்தாள்.

"சார், மன்னிச்சிருங்க சார். என் மண்டையில ஏறாது. எனக்காக நீங்க கஷ்டப்படாதீங்க."

"பேச்சியம்மா, நான் பரீட்சையப் பத்திப் பேச வரல. அந்த விடைத்தாள் வீட்டுலதான இருக்கு?"

"இருக்கு சார்."

"ஒரே ஒரு உதவி செய்யுங்க. முதல் கணக்கைச் செஞ்சது செஞ்சபடி எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. சரியா தப்பான்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க எப்படிப் போனீங்கன்னு எனக்குத் தெரியணும்."

பீடி முறத்தை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. காகிதம் சரசரத்தது.

"மூணு எக்ஸ் கூட்டல் அஞ்சு, சமம் இருபது," என்று தயங்கித் தயங்கி வாசித்தாள். "அடுத்த வரி... மூணு எக்ஸ் சமம் இருபத்தஞ்சு."

வகுப்பாக இருந்தால் அவர் இந்த இடத்தில் குறுக்கே விழுந்திருப்பார்.

"இருபத்தஞ்சு எப்படிம்மா வந்துது?"

"அஞ்சை அந்தப் பக்கம் கொண்டு போங்கன்னு நீங்கதான சார் சொன்னீங்க. கொண்டு போனேன். அங்க ஏற்கெனவே இருபது இருந்துது. சேத்து வச்சுட்டேன்."

அஞ்சை அந்தப் பக்கம் கொண்டு போ. முப்பத்தாறு வருஷம், எத்தனை வகுப்புகளில், எத்தனை பிள்ளைகளிடம் சொன்ன வாக்கியம் அது. அந்தப் பக்கம் போனால் கூட்டல் கழித்தலாகும் என்பதை அவர் தனியாகச் சொன்னதில்லை.

வல்லி எதுவோ சொல்ல வாயெடுத்தாள். உலகநாதன் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"தப்பா சார்?" என்றாள் பேச்சியம்மாள்.

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"மேல வாசிங்கம்மா," என்றார்.