கிணற்றில் ஆளை விட்டுவிட்டு ஒரு கல்யாணம்

முன்னொரு காலத்தில் கொன்றையூரை மழவராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கதை என்றால் அவனுக்கு உயிர். ஆனால் கதை முடிந்ததும் முகம் கோணிவிடும். "முடிவு சரியில்லை" என்பான். என்ன சரியில்லை என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. சொன்னவரை ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவரச் சொல்லிவிடுவான். திரும்பி வரக் கூடாது.

புதிய ஆளைத் தேடி அலைவது மந்திரி சேந்தனார் தலையில் விழுந்தது. கதைசொல்லிகள் அவரைத் தெருவில் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். கடைசியில் சந்தையில் கதை சொல்லும் உடையாள் என்பவளைக் கெஞ்சிக் கூட்டி வந்தார்.

"இதுவும் சரியாக முடியாவிட்டால் இவளோடு நீரும் அக்கரைக்குத்தான்" என்றான் ராஜா. உடையாள் மந்திரியை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டில் அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது.

கதைக் கண்காணி வல்லபராயருக்கு உள்ளூரச் சந்தோஷம். மந்திரி பதவி மேல் அவருக்கு வெகுநாள் கண். அரசவையில் எந்தக் கதையும் கல்யாணத்தில்தான் முடிய வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தவரும் அவர்தான்.

உடையாள் தொடங்கினாள். சொத்துப் பாகத் தகராறில் ஒருவரோடொருவர் பேசுவதையே விட்டுவிட்ட அண்ணன் தம்பி. அண்ணன் கிணறு வெட்ட இறங்கியபோது கயிறு அறுந்தது. ஊற்று பீறிட்டுத் தண்ணீர் மார்பளவு ஏறியது. அவன் போட்ட கூச்சல் கேட்கும் தூரத்தில் தம்பி ஒருவன்தான் இருந்தான். ராஜா நொடிக்கொரு 'உம்' கொட்டினான். அந்த நேரம் பார்த்து வல்லபராயர் தொண்டையைக் கனைத்தார். உடையாள் சட்டம் நினைவுக்கு வந்து, அந்நாட்டு இளவரசிக்குக் கல்யாணம் நடந்ததென்று அவசரமாக முடித்தாள்.

"முடிவு சரியில்லை" என்றான் ராஜா.

மந்திரிக்குத் தூணில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அடக்கிக்கொண்டு கேட்டார்: "மன்னா, மாப்பிள்ளை எந்த ஊர்?"

"யாருக்குத் தெரியும்?"

"கல்யாணம் முழுக்க நீங்கள் ஒரு 'உம்'கூடக் கொட்டவில்லை. 'உம்' கொட்டுவதை எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?"

ராஜா யோசித்தான். சட்டென்று எழுந்து நின்றான். "கிணற்றுக்குள்ளே ஒருத்தன் முங்கிக்கொண்டிருக்கிறான். அவனை அப்படியே விட்டுவிட்டு என்னய்யா கல்யாணம்?"

"கிணறு வெட்டுகிறவனுக்காக ஒரு முடிவா? சபைக்கு இது அழகா?" என்று இழுத்தார் வல்லபராயர்.

"நீர் சும்மா இரும். அம்மா, நீ சொல்லு."

உடையாள் மூச்சை இழுத்துவிட்டுத் தொடர்ந்தாள். தம்பி கயிற்றோடு ஓடி வந்து உள்ளே வீசினான். தண்ணீர் அண்ணன் கழுத்துக்கு வந்துவிட்டது. இருட்டில் அவனுக்குக் கயிறு தெரியவில்லை. எந்தப் பக்கம் என்று மேலிருந்து யாராவது சொன்னால்தான் உண்டு. தம்பி வாயைத் திறந்தான், மூடினான். பிறகு சொன்னான்: "அண்ணே, வலது கைப் பக்கம்."

கயிறு இறுகியது.

"உம்" என்றான் ராஜா, மெதுவாக. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

"அதன் பிறகு இளவரசி..." என்று ஆரம்பித்தார் வல்லபராயர்.

"அவளை யாரய்யா கேட்டது?" சபை சிரித்தது.

உடையாளுக்குப் பொன்னும் பட்டும் கிடைத்தன. கதையை எங்கே முடிப்பது என்பது இனிச் சொல்பவர் பாடு என்று ராஜா உத்தரவிட்டான். அக்கரைக்குப் போனவர்களை மன்னிப்புக் கேட்டு அழைத்துவரும் வேலையை வல்லபராயரிடம் கொடுத்தான்.

வல்லபராயர் மந்திரியிடம் வந்து முணுமுணுத்தார். "நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்றால்?"

"அங்கேயே இருந்துவிடும்" என்றார் சேந்தனார். "நல்ல கதை சொல்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள்."