வெறுங்கயிறு

“இரட்சிக்கப்பட்டவன் மறுபடி கெட்டுப்போவானா, மாட்டானா? ஒரே வார்த்தையில சொல்லுங்க ஐயா.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜெபவீட்டு வாசலில் நின்று கேட்டார் கஸ்பார்.

உள்ளே தீத்து போதகர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கஸ்பாரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தைதான் பதில் வரும். அதற்காகவே கஸ்பாருக்கு அவர்மேல் மதிப்பு. அந்தக் கடற்கரையில் மற்ற எல்லாருமே தேவைக்கு மேல் பேசுகிறவர்கள் என்பது கஸ்பாரின் எண்ணம்.

“யாரைப் பத்திக் கேக்கிறீங்க அண்ணாச்சி?”

“பொதுவாத்தான் கேக்கிறேன்.”

“பொதுவாக் கேக்கிறவங்க இப்படி மூச்சு வாங்க மாட்டாங்க.”

கஸ்பார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“என் தங்கச்சி புருஷன்,” என்றார். பெயரைச் சொல்லவில்லை. சொல்லி நான்கு வருஷம் ஆகிறது.

பெயர் தொம்மை. கடலில் முங்கிச் சங்கு எடுக்கிறவன்; சங்கு குளிக்கிறவன் என்பார்கள். இதே கரையில் ஞானஸ்நானம் எடுத்தான். கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழைத்துப்போனவர் கஸ்பார்தான். அன்றைக்கு அவன் அழுத அழுகையையும் பாடிய பாட்டையும் கரையே நின்று பார்த்தது.

பிறகு குடி வந்தது. ஜெபவீட்டு வழி மறந்தது.

கஸ்பாரின் தாயாரை அடக்கம் செய்த நாளில் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். தொம்மை வரவில்லை. சாராயக்கடை பெஞ்சில் கிடந்தான். அன்றோடு பேச்சு அறுந்தது.

“இப்ப என்ன?” என்றார் போதகர்.

“நாளை கழிச்சு ஆராதனையில அப்பம் பிட்கிற நேரத்துக்கு வாறானாம். தங்கச்சி சலேத் வந்து சொல்லிட்டு அழுறா. ஐயா, நீங்க அவன் முகத்துக்கு நேரா சொல்லணும். நீ இரட்சிப்பை இழந்துபோனவன், உனக்கு இங்க பங்கு கிடையாதுன்னு. நீங்க சொல்லலைன்னா நான் எந்திரிச்சுச் சொல்லுவேன்.”

“சொன்னா?”

“சொன்னா அவ்வளவுதான். சாகிறவரைக்கும் இந்தப் படி ஏற மாட்டான். அவன் ரோஷம் எனக்குத் தெரியும்.”

போதகர் அடுத்த பாயை எடுத்தார்.

“அவரை யாரும் இழுத்துட்டுப் போயிட்டாங்களா?”

“யாரும் இழுக்கல. நீங்க பிரசங்கத்துல சொல்லுவீங்களே, ஆண்டவர் கையில இருக்கிறவனை எவனும் பிடுங்க முடியாதுன்னு. சரி, பிடுங்க வேண்டாம். தானாக் கழண்டு போனவன்? அவனுக்கு என்ன சொல்றீங்க?”

கேள்வி சரியான இடத்தில் விழுந்துவிட்டது என்று கஸ்பாருக்கே ஒரு திருப்தி. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

போதகர் கடைசிப் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினார்.

“நாளைக்குக் கடலுக்குப் போறீங்களா?”

“போவேன்.”

“வள்ளத்துல எனக்கு இடம் இருக்குமா?”

“கேட்டதுக்குப் பதில்?”

“எனக்கு நீச்சல் தெரியாது. நடுவில உக்காருற மாதிரி இடம் குடுங்க.”

*

சங்கு குளிக்கிறவனுடைய கயிற்றை மேலே இருந்து பிடிப்பவன் அவன் மனைவியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும். அந்தக் கரையின் வழக்கம் அது. தங்கை தாலி அறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்பதுதான் காரணம்.

அதனால் பேச்சு அறுந்த பிறகும் கயிறு அறுந்துபோகவில்லை. மேலே கஸ்பார். கீழே தொம்மை. இடுப்பில் கட்டிய கயிற்றை அவன் ஒரு இழு இழுத்தால், தூக்கு என்று அர்த்தம். நான்கு வருஷமாக இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

விடிந்து வள்ளம் ஆழத்துக்கு வந்தபோது போதகர் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன ஐயா, மீனுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுக்க வந்தீங்களா?” என்று சிரித்தான் தொம்மை. முந்தின நாள் குடித்தது அவன் மூச்சில் இன்னும் இருந்தது.

“வந்தேன். அதுங்க முழுகித்தான் இருக்கு.”

துடுப்புப் போட்டவன் சிரித்தான். கஸ்பார் சிரிக்கவில்லை. தொம்மையின் இடுப்புக் கயிற்றை மட்டும் ஒருமுறை சுண்டிப் பார்த்தார். முடிச்சு இறுகியிருந்தது.

ஆழத்துக்கு இழுத்துப்போகிற கல்லில் கால் வைத்துத் தொம்மை இறங்கினான். கயிறு கஸ்பாரின் விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு நின்றது.

“இப்ப அவர் கயித்தைப் பிடிச்சிருக்காரா?” என்று கேட்டார் போதகர்.

“அவன் எங்க பிடிப்பான்? சங்கு பொறுக்கவே ரெண்டு கை காணாது.”

“இழுக்க மறந்துட்டா?”

“மறப்பான். எத்தனையோ தடவை மறந்திருக்கான். நேரம் எனக்குத் தெரியும், தூக்கிருவேன்.”

“நீங்க குளிக்கிறது இல்லையா?”

கஸ்பார் இடது காதைத் தொட்டுக் காட்டினார். “உள்ள கிழிஞ்சு போச்சு. இனித் தலை முங்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். முங்கினா மத்ததும் போயிரும்னார்.”

கயிறு ஒரு இழு இழுத்தது. கஸ்பார் தூக்கினார். தொம்மை வந்தான், சங்குகளை வள்ளத்தில் கொட்டினான், மூச்சு வாங்கினான், மறுபடி இறங்கினான்.

அடுத்த முறையும் அப்படியே.

அதற்கடுத்த முறை கயிறு தொய்ந்தது.

கஸ்பார் இழுத்தார். பாரம் இல்லை. மளமளவென்று இழுத்தார். கயிற்றின் முனை தண்ணீர் சொட்ட மேலே வந்தது.

வெறுங்கயிறு.

அறுந்திருக்கவில்லை. முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது.

“கழட்டிட்டான்,” என்றான் துடுப்புக்காரன். “பாறைக்கு அடியில பெருசா எதையோ பாத்திருப்பான். கயிறு எட்டலைன்னு கழட்டிட்டான் பாவி.”

கஸ்பார் கயிற்று முனையைத் தன் இடுப்பில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். மற்ற முனையைப் போதகர் மடியில் வீசினார்.

“பிடிங்க!”

“அண்ணாச்சி, உங்க காது…”

கஸ்பார் அதற்குள் தண்ணீருக்குள் போயிருந்தார்.

போதகர் கயிற்றைப் பிடித்தார். அது அவர் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கையை மட்டும் திறக்கவில்லை.

ஒரு இழு.

துடுப்புக்காரனும் போதகருமாகத் தூக்கினார்கள். முதலில் கஸ்பாரின் நரைத்த தலை வந்தது. அவர் கைக்குள் தொம்மையின் தலைமயிர் இருந்தது. அதோடு சேர்ந்து தொம்மையும் வந்தான்.

வள்ளத்தில் குப்புறப் போட்டு முதுகில் அடித்தார்கள். கடலையெல்லாம் கக்குகிறவன்போலக் கக்கினான். கண் திறந்தான்.

திறந்த உடனே கஸ்பார் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

“எந்த மடையன்லே கயித்தைக் கழட்டுவான்? எவன்லே உனக்குத் தொழில் சொல்லித் தந்தது? என் தங்கச்சி வெள்ளைச் சேலை உடுத்தணுமாலே, ஒரு சங்குக்கு?”

தொம்மை கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். ரொம்ப நேரம் அவரையே பார்த்தான்.

“மச்சான்,” என்றான். “பேசிட்டீங்க.”

கஸ்பார் சட்டென்று முகத்தைத் திருப்பினார்.

“ஐயா, வாயை மூடிட்டுக் கிடக்கச் சொல்லுங்க அவனை,” என்றார் போதகரிடம்.

அவர் இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

*

கரையில் சலேத் ஓடிவந்து தொம்மையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். திட்டவும் செய்தாள், அழவும் செய்தாள்.

கஸ்பார் தள்ளி நின்று கயிற்றைச் சுருட்டினார். போதகர் பக்கத்தில் வந்தார்.

“ஐயா, நேத்துக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை.”

“எனக்கு ஒண்ணு தெரியணும் அண்ணாச்சி.”

“வலது பக்கமா வந்து பேசுங்க. இந்தக் காது போச்சு.”

போதகர் வலது பக்கம் வந்தார்.

“கயிறு அறுந்துபோகல. யாரும் வெட்டல. அவரே கழட்டினார். வெறுங்கயிறு மேல வந்ததும் உங்க வேலை முடிஞ்சுது. ஏன் குதிச்சீங்க?”

கஸ்பாருக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த மனிதரைப் பெரிதாக நினைத்திருந்தோமே என்றுகூட இருந்தது.

“இது ஒரு கேள்வியா ஐயா? கழட்டினது அவன். நான் கழட்டினேனா? என் ஆத்தா குழிக்கு ஒரு பிடி மண் போட வராத பய அவன். இன்னைக்கும் எனக்கு அந்த ஆத்திரம் தீரல. நாளைக்கும் தீராது. மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சிராதீங்க. அதுக்காக அவனைக் கடலுக்குள்ள விட்டுட்டு நான் கரைக்கு வந்து நிக்க முடியுமா? கேவலம் என்னாலேயே முடியலைன்னா…”

வார்த்தை அங்கேயே நின்றது.

சுருட்டிக்கொண்டிருந்த கயிறும் நின்றது.

போதகர் காத்திருந்தார். கஸ்பார் கடலைப் பார்த்தார். கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

போதகர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். தோல் உரிந்து சதை சிவந்திருந்தது.

“நாளைக்கு அப்பம் பிட்க இந்தக் கை ஆகாது அண்ணாச்சி. நீங்கதான் பிட்டுக் குடுக்கணும்.”

கஸ்பார் கயிற்றைச் சுருட்டி முடித்தார். மணலில் கிடந்த தொம்மை தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தான்.

“நாளைக்கு அவன் எந்தப் பக்கம் உக்காருவான்?” என்று கேட்டார் கஸ்பார்.