பருத்திப்பால் கடைக்குப் போன திரை

அதெல்லாம் நடக்காதுன்னு ஒம்பாட்டுக்குச் சொல்லாத. திரைன்னா என்ன, மல்லுத்துணி. நாலு மூலையில கயிறு. கயித்த அவுத்தா கையோட வந்துரும். தூக்கறதுக்கு யானையா வேணும்? மொதல்லருந்து கேளு, அப்புறம் சிரி.

மைலாங்குறிச்சியில பூட்டிக் கெடந்த கற்பகம் டாக்கீஸத் தொறந்து, மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை சின்னப் படம் போடணும்னு கெளம்புனவன் சங்கிலிமுத்து. சின்னப் படம்னா நீளத்துல சின்னது இல்ல. பெரிய கம்பெனி கிம்பெனி இல்லாம, நாலு சிநேகிதங்க சேந்து தாங்களே எடுக்கற படம்.

டாக்கீஸ் மொதலாளி ரத்தினசபாபதிக்கு அத மொளகா வத்தல் குடோனாக்கணும்னு ஆச. ஆனா நாயமான மனுசன். "மொதப் படத்துக்கு நூறு பேரு வரணும். படம் முடியற வரைக்கும் ஒருத்தனும் பாக்காம எந்திரிச்சுப் போகக் கூடாது. அப்படி நடந்தா டாக்கீஸ் ஒனக்கு. இல்லன்னா படம் முடிஞ்ச கையோட வத்தல் மூட்டைய ஏத்திருவேன்"ன்னுட்டாரு.

அன்னையிலருந்து சங்கிலிமுத்துவுக்குச் சோறு எறங்கல. கண்ண மூடுனா, அவன் சின்னதுலருந்து உக்காந்த பெஞ்சுல வரிசையா வத்தல் மூட்டைங்க உக்காந்து படம் பாக்கற மாதிரியே கனா.

அந்த நேரம் பாத்து, அந்த மொதப் படத்த எடுத்த பொண்ணு நிவேதிதா கடுதாசி போட்டிருந்தா. "நானும் வர்றேன். மூணு விசயம். உள்ள கும்மிருட்டா இருக்கணும். இடையில படத்த நிறுத்தவே கூடாது. முடியற வரைக்கும் ஒருத்தரும் திரையவிட்டுக் கண்ண எடுக்கக் கூடாது."

சங்கிலிமுத்து சொன்ன சொல் தட்டாதவன். ஒருநா அவன் பொண்டாட்டி வடகத்தக் காயப்போட்டு, காக்கா தொடாம பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனா. மழ வந்து வடகம் பூரா கரைஞ்சு வாய்க்கால்ல ஓடுது. இவன் கம்போட கூடவே நடக்கான். "எங்கய்யா வடகம்?"னு அவ கேட்டா, "அது ஆத்தப் பாக்கப் போயிருச்சு. ஆனா ஒரு காக்கா தொடலயே"ங்கான். அதுவும் பெரண்ட போட்ட வடகம், எண்ணெயில போட்டா தெருவே மணக்கும். எதுல விட்டேன்? ஆங், கடுதாசி.

ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கு நூறு பேர எண்ணி உக்கார வச்சாச்சு. மொதலாளி கடைசிப் பெஞ்சுல கடியாரத்தோட உக்காந்துட்டாரு. மெஷின் ஓட்டுற தாவீது ஓடி வந்தான்.

"அண்ணே, எல்லாத்தையும் அடைச்சிட்டேன். ஒரு ஓட்டையில மட்டும் வெளிச்சம் வருது."

"எந்த ஓட்ட?"

"மெஷின் முன்னால இருக்கே, அந்த ஓட்ட."

சங்கிலிமுத்து ரோசிச்சான். "கும்மிருட்டுன்னு எழுதியிருக்கா. அதுக்கு மட்டும் என்ன தனிச் சலுக? அடை."

சாக்கப் போட்டு அடைச்சாங்க. இருவது நிமிசம் நூறு பேரும் இருட்டப் பாத்தாங்க. "இருட்டு நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் நீளம்"னாரு முடிவெட்டுற சேர்மக்கனி. சாக்கு பொசுங்குன வாடை வரவும் தாவீது எடுத்தான். அப்பத்தான் திரையில ஒரு அம்மா தெரிஞ்சா. பஸ்ஸுக்குக் காத்திருக்கா. வேற ஒண்ணும் இல்ல, காத்திருக்கா.

மணி நாலாச்சு. வெளிய பருத்திப்பால் கடைக்கார லூர்தம்மா பானையத் தட்டுனா. நாலு மணிக்குப் பருத்திப்பால் உள்ள போகலன்னா அந்த ஊருக்கே கை நடுங்கும். நூறு பேரும் நெளியறாங்க.

"பாலை உள்ள கொண்டாரச் சொல்லு"ன்னான் தாவீது.

"உள்ள எதுவும் கொண்டுவரக் கூடாதுன்னு வாசல்ல போர்டு இருக்கே."

"அப்ப நாம வெளிய போவோம்."

"திரையவிட்டுக் கண்ண எடுக்கக் கூடாதே. எடுத்தா டாக்கீஸ் போச்சே"ன்னு சங்கிலிமுத்துவுக்கு அழுகையே வந்துருச்சு.

சேர்மக்கனி மெல்லமா கேட்டாரு. "ஏம்ப்பா, நாம போனாத்தான தப்பு. திரையும் கூட வந்தா?"

நிறுத்தக் கூடாதுன்னு மெஷின அப்படியே ஓடவிட்டுட்டு, நாலு பேரு திரைக் கயித்த அவுத்தாங்க. நூறு பேரும் துணியப் பாத்தபடியே பின்னால நடந்தாங்க. பாதிப் பேரு வாசப்படியில தடுக்கி விழுந்தாங்க, விழுந்தவங்களும் கண்ண எடுக்கல. மொதலாளி எண்ணிக்கிட்டே வந்தாரு. கட கூரையிலயும் வேப்பமரத்துலயும் திரையக் கட்டிட்டு, பருத்திப்பால் குடிச்சுக்கிட்டே பாத்தாங்க.

வெள்ளையா இருந்துச்சு.

"அந்த அம்மா எங்க?"ன்னான் தாவீது.

"அவ மனசுக்குள்ள போயிட்டோம். வெறுமையக் காட்டுறாங்க"ன்னான் சங்கிலிமுத்து. காத்துல துணி உப்புச்சு. "பாத்தியா, பெருமூச்சு விடுறா." நாலஞ்சு பேரு மூக்க உறிஞ்சுனாங்க.

கீழ் மூலையில ஒரு கட்டெறும்பு ஏறுச்சு.

"பஸ்ஸு வருது"ன்னாரு சேர்மக்கனி.

"எறும்பு மாதிரில்ல இருக்கு?"

"தூரத்துல வருதுல்ல."

அப்பத்தான் நிவேதிதா, பஸ்ஸு பிந்தி, வந்து எறங்குனா. டாக்கீஸுக்குள்ள எட்டிப் பாத்தா ஒரு ஆள் இல்ல. வெறும் செவுத்துல அவ படம் ஓடி முடியுது. வெளிய ஓடி வந்து, "ஐயோ, அது வெறும் துணிங்க"ன்னா.

"எங்களுக்கும் புரிஞ்சிருச்சும்மா. என்னமா எடுத்திருக்க"ன்னு சங்கிலிமுத்து அவளக் கும்பிட்டான்.

"படம் உள்ள முடிஞ்சுருச்சுங்க."

மொதலாளி எந்திரிச்சு சாவிய எடுத்தாரு. "உள்ள முடிஞ்சுருச்சாம், ஒருத்தனும் பாக்கல. மூட்டைய ஏத்துங்க."

சங்கிலிமுத்து பின்னாலயே கைய நீட்டி அவர மறிச்சான். ஆனாலும் துணியவிட்டுக் கண்ண எடுக்கல. "அண்ணாச்சி, முடிஞ்சா சுபம்னு வரணுமே. எங்க வந்துச்சு?"

மொதலாளி கண்ணாடியத் தொடச்சிட்டுத் துணிய மேலயும் கீழயும் பாத்தாரு. சுபம் இல்ல. நாயமான மனுசன்னு சொன்னேன்ல. சாவிய இடுப்புல சொருகிட்டு, "வரலதான்"னு மறுபடி உக்காந்துட்டாரு.

இன்னைக்குப் பதினோராம் நாளு, சுபம் இன்னும் வரல. மூட்டை ஏத்தல, டாக்கீஸ் பத்திரமா இருக்கு. வேளாவேளைக்கு வீட்டுலருந்து சோறு போகுது. நிவேதிதாவும் மூணு நாள் தலையில கைய வச்சுக்கிட்டு இருந்துட்டு, நாலாம் நாளு அவங்க கூடவே உக்காந்துட்டா. அவ படம் இத்தன நாள் எங்கயும் ஓடுனதில்லயாம். இடமில்லாம பக்கத்து ஊருச் சனம் வேற திரும்பிப் போகுது.

ஏட்டீ செண்பகம், கொடியில காயுற தாத்தா வேட்டியச் சட்டுனு உள்ள எடுத்துட்டு வா. அந்த வேட்டிக்கு முன்னால ஆறு பேரு பாய விரிச்சு உக்காந்துட்டாங்க.