இரவல் கோணி

ஆற்றங்கரை மடத்துக்குத் தலைவி செங்கமலத்தம்மை. முப்பத்தைந்து வயசு இருந்தால் அதிகம். அவளிடம் சீடராக வந்து சேர்ந்த சிவந்திலிங்கமோ அறுபதைத் தாண்டியவர், சுத்துப்பட்டுக்கெல்லாம் பெரிய பண்ணை. அவள் அவரைப் பெரியவரே என்பாள். அவர் அவளைத் தாயே என்பார். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

அந்த வருஷம் பூமி பொங்கிவிட்டது. பத்தாயம் நிறைந்து, குதிர் நிறைந்து, மிச்ச நெல் களத்திலேயே அம்பாரமாகக் கிடந்தது. அதே வருஷம்தான் கடலுக்கு அக்கரையில் ஒரு தீவைப் புயல் அடித்துப் போட்டது. வயலெல்லாம் உப்புத் தண்ணீர். சனம் பட்டினி என்று கப்பல்காரர் சேகனா மரக்காயர் வந்து சொன்னார்.

சிவந்திலிங்கம் யோசிக்கவே இல்லை. நூறு கோணி நெல் கட்டினார். ஒவ்வொரு கோணியிலும் செங்காவியால் 'பெரிய பண்ணை சிவந்திலிங்கம் கொடை' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

அம்மை வந்து பார்த்தாள்.

"எழுத்து அழகா இருக்கு பெரியவரே."

"கடல் தாண்டியும் பேர் தெரியணுமில்லையா தாயே."

"தெரியட்டும். மறுபக்கத்தை மட்டும் சும்மா விடும். அப்புறம், கோணியெல்லாம் இரவல்னு சொல்லி அனுப்பும். திரும்பி வந்தாகணும்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நெல்லைச் சும்மா குடுத்துட்டுக் கோணியைத் திருப்பிக் கேக்கறதா? யானையைக் குடுத்தவன் அங்குசத்துக்கு மல்லுக்கட்டின கதையாயிடுமே! ஊர் சிரிக்கும் தாயே."

"சிரிக்கட்டும்."

"அதுல என் பேர் இருக்கு!"

"இருக்கறதாலதான் சொல்றேன்."

சொல்லி அனுப்பினார். ஊரும் சிரித்தது. சந்தைக்குப் போனால், "என்ன பண்ணை, கோணி வந்துடுச்சா?" என்பார்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்துவிடுவார்.

இரண்டு தை போனது. மரக்காயர் கப்பல் வந்தது. நூறு கோணியும் வந்தன. துவைத்திருந்தார்கள், கிழிசலைத் தைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு படி புது அரிசி. மறுபக்கத்தில் நீலச் சாயத்தில் ஏதோ வேற்று எழுத்து.

"என்ன எழுதியிருக்கு?"

"எங்க வயல்ல விளைஞ்சதுன்னு போட்டிருக்காங்க," என்றார் மரக்காயர்.

சிவந்திலிங்கத்துக்குச் சுருக்கென்றது. "இதை யார் கேட்டா? நான் குடுத்தது தர்மமய்யா."

"பண்ணை, நெல்லு வாங்க வந்தப்ப ஒருத்தரும் என் முகத்தைப் பாக்கலை. தரையைப் பாத்துக்கிட்டே தூக்கிட்டுப் போனாங்க. கோணி குடுக்க வந்தப்ப நீங்க பாத்திருக்கணும்! தலைப்பா என்ன, மேளம் என்ன! இரவல் வாங்கின ஏனத்தை வெறுசாத் தந்தா எங்க குடிக்கே இழுக்குன்னாங்க."

சிவந்திலிங்கம் ஒரு கோணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பேர் வெளிறிப் போயிருந்தது. நீலம் பளிச்சென்று இருந்தது.

"தாயே, இந்த அரிசியை என்ன செய்ய? ஏழைபாழைக்குப் போட்டுடலாமா?"

அம்மை கோணியை அவிழ்த்தாள். அரிசியை முறத்தில் கொட்டிப் புடைத்தாள். களைந்து, தன் கையாலேயே உலையில் போட்டாள்.

"கை காலைக் கழுவிட்டு வந்து இலையில உக்காரும் பெரியவரே. இன்னைக்கு நாம அவங்க வீட்டு விருந்தாளி."